பிடியரிசியும் பெருநிதியும்

சிக்கனம் செல்வர்க்கு உரிய குணமென்றும், அன்றாடம் உழைத்து உண்பார்க்கு மிச்சம் ஏது என்றும் பலர் கூறக் கேட்கின்றோம். இக்கூற்றுப் பொருந்துமா என்பதை நமது கரிசற்சீமையின் வழக்கங்களைக்கொண்டு சிறிது ஆராய்வோம்.

அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டி தொடங்கித் திருச்சுழி வரையுள்ள நிலம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கண்மாய் நிறையும்; பொய்த்தால் களம் வெறுமையாகும். 1876ஆம் ஆண்டு தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டில் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டது. இத்தகைய நாட்டில் கையிருப்பில்லாதவன் விதைக்கும் உணவுக்கும் வட்டிக்கு வாங்குகிறான். அடுத்த விளைச்சல் வீடு சேருமுன் கடனுக்குப் போகிறது. ஆகவே சேமிப்பு ஈண்டு உயிர்க்காப்பாகும்.

நம் முன்னோர் இல்லத்துப் பெண்டிர் இதனை நன்கறிந்திருந்தனர். இரவில் மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்தமையால், காலையில் அடுப்பு மூட்டும் வேலையும் விறகும் மிச்சமாயின. சித்திரை வெயிலில் வற்றலும் வடகமும் காய்ந்தன. பருத்தி எடுத்தபின் நின்ற மார் அடுப்பெரித்தது. அரிசி களைந்த நீர் மாட்டுத்தொட்டிக்குச் சென்றது. ஒரு பொருளும் ஒரு பயனோடு ஒழியவில்லை.

இவற்றினும் சிறந்தது பிடியரிசி. உலையில் இடுவதற்கு அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவதே அவ்வழக்கம். ஒரு பிடி 50 கிராம் என்று கொள்வோம். வேளைக்கு ஒன்றாக நாளொன்றுக்கு இரு பிடி எடுப்பின் 100 கிராம். மாதத்திற்கு 3 கிலோ. ஆண்டிற்கு 36½ கிலோ. கிலோ 50 ரூபாயாயின் 1,825 ரூபாய். பிள்ளையின் புத்தகச் செலவிற்குக் கைம்மாற்றுத் தேடவேண்டா.

இதன் சூக்ஷ்மம் யாது? மிஞ்சியதைச் சேர்க்க நினைப்பவனுக்கு ஒருநாளும் மிஞ்சுவதில்லை. பிடியரிசியோ சமைப்பதற்கு முன்னரே எடுக்கப்படுகிறது. எஞ்சியதே அன்றைய செலவு. முன்னர் எடுப்பது சேமிப்பு. பின்னர் எஞ்சுவது தற்செயல்.

இம்முறையையே வணிகரும் கைக்கொண்டனர். 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரச் சீமையின் ஆறூர்களில் நாடார் வணிகர் பேட்டைகள் அமைத்து வாழ்ந்தனர். பாளையம்பட்டியும் அருப்புக்கோட்டையும் அவ்வாறனுள் அடங்குவன. அவர்கள் இலாபம் வருமா என்று காத்திராமல், சரக்கின்மீதே ஒரு சிறு தொகையை மகமை என்று பொதுநிதிக்குச் செலுத்தினர். மகமையும் வீடுதோறும் திரட்டிய பிடியரிசியும் பள்ளிகளை வளர்த்தன. காமராசர் பயின்ற விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலை அவ்வாறு வளர்ந்ததாகும். தொலைவிலுள்ள மிசோரம் மலைநாட்டிலும் கிறிஸ்தவப் பெண்கள் 1910ஆம் ஆண்டில் பிடியரிசிக் காணிக்கையைத் தொடங்கினர். அதனால் திருச்சபை ஊழியங்கள் பல தழைத்தன.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பசித்த குழந்தையின் கலத்திலிருந்து எடுக்கும் பிடி சேமிப்பன்று, அது உலோபம். உணவைக் குறைத்து நோயை வளர்த்தால், கலயத்தில் சேர்ந்தது மருத்துவனிடம் போகும். வீணாவதைக் குறைப்பதே சிக்கனம். வேண்டியதைக் குறைப்பது சிக்கனமன்று. கலயத்தில் இட இயலாத வறுமையுடையார்க்கு அறிவுரை கூறுவதினும், நிறைந்த கலயத்திலிருந்து உதவுதலே தகும்.

மாணவ நண்பர்களே! விடுதியில் வாழும் நமக்கு அரிசிக் கலயம் இல்லை. ஆயினும் வீட்டிலிருந்து வரும் பணம் உண்டு. அது வந்த அன்றே ஒரு சிறு பகுதியை எடுத்து அஞ்சலகச் சேமிப்பில் இடுவோமாக. பிறகு எஞ்சியதைக்கொண்டு மாதத்தை நடத்தப் பழகுவோமாக. நமக்குப் பணம் அனுப்பும் இல்லத்தில் எத்தனை பிடிகள் சேர்ந்து அத்தொகை ஆயிற்று என்பதை நினைப்பின், இப்பழக்கம் நமக்கு அரிதாகாது.