கார் ஏறும் சொகுசுக் கப்பல்

கேள்வி: சொந்தக் காரையும் ஏற்றிக்கொண்டு போகும் உல்லாசக் கப்பல்கள் உண்டா?

பதில்: உண்டு. பால்டிக் கடலில் இவை அன்றாடப் போக்குவரத்து. ஹெல்சிங்கி–ஸ்டாக்ஹோம் தடத்துக்காக 1990இல் கட்டப்பட்ட ‘சில்யா செரினேட்’ நல்ல உதாரணம். கீழ்த்தளம் முழுக்க வாகனக் கூடம். கப்பலின் கதவு திறந்ததும் காரும் லாரியும் சாய்தளம் வழியே நேராக உள்ளே போய்விடும். மேலே 2,800 பேருக்கு இடம். கப்பலின் நடுவே சுமார் 140 மீட்டர் நீளத்துக்கு ஒரு கடைத்தெரு ஓடுகிறது. சில அறைகளின் ஜன்னல் கடலைப் பார்க்காமல் அந்தத் தெருவைப் பார்த்தே திறக்கிறது. மாலையில் கிளம்பினால் காலையில் மறுகரை. காரே இல்லாமல், அதே கப்பலில் திரும்பிவிடும் உல்லாசப் பயணிகளும் ஏராளம்.

இந்தக் கப்பல்கள் வழியில் ஓலாந்து தீவுகளில் சில நிமிடம் நிற்பதற்குக் காரணம் வரி. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே வரியில்லா விற்பனை 1999இல் நின்றுபோனது. ஆனால் ஓலாந்துக்கு விலக்கு உண்டு. அங்கே தொட்டுச் சென்றால் கப்பல் கடையில் வரியில்லாமல் விற்கலாம்.

குறுக்குச் சுவரில்லாத வாகனத் தளம்தான் இவற்றின் பலவீனம். நீர் புகுந்தால் ஒரே பக்கமாகத் திரண்டு கப்பலைச் சாய்த்துவிடும். 1994 செப்டம்பர் 28 அன்று இத்தகைய ‘எஸ்டோனியா’ கப்பலின் முன்மூடி அலையில் பிய்ந்து, நீர் புகுந்து கப்பல் மூழ்கியதில் 852 உயிர்கள் போயின. அதன்பின் வந்த ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப்படி, வாகனத் தளத்தில் அரை மீட்டர் வரை நீர் நின்றாலும் கப்பல் கவிழாதிருக்க வேண்டும்.