கெர்னலுக்கு ஓர் அறிமுகச் சீட்டு

உங்கள் வீட்டு பிசியில் மதர்போர்டு விவரங்களை ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு பயாஸ் சொல்லிவிடும். ராஸ்ப்பெரி பை போன்ற சின்ன ஏஆர்எம் போர்டுகளில் இந்த வேலையைச் செய்வது 'டிவைஸ் ட்ரீ' என்ற ஃபைல். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், துவங்கும்போதே இதைப் படித்துவிடும்.

இதில் 'கம்பேட்டிபிள்' என்ற வரிதான் முக்கியம். ராஸ்ப்பெரி பை 4 போர்டுக்கு இவ்வரியில் இரண்டு பெயர்கள் உண்டு. முதலில் போர்டின் பெயர். அடுத்து அதிலுள்ள சிப்பின் பெயர், பிசிஎம்2711. குறிப்பான பெயர் முன்னால், பொதுவான பெயர் பின்னால் வர வேண்டும். முதல் பெயர் தெரியாவிட்டாலும் இரண்டாவதை வைத்து கெர்னல் சமாளித்துக்கொள்ளும். 4 ப்ராசஸர் கோர்களுக்கும் தனித்தனியே 'கார்டெக்ஸ்-ஏ72' என்ற குறிப்பும் உண்டு.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு 32 பிட் போர்டுக்கு இந்த ஃபைலை எழுதினேன். சிப் பெயரில் ஓர் எழுத்து தவறிவிட்டது. கெர்னல் பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்குமே தவிர, ஊகிக்காது. இரண்டு நாட்கள் திரையில் ஒன்றுமே வரவில்லை. போர்டு பழுது என்று திருப்பி அனுப்பவே இருந்தேன்!

உங்களிடம் ராஸ்ப்பெரி பை இருக்கிறதா? 'ப்ராக்' ஃபோல்டருக்குள் 'டிவைஸ்-ட்ரீ', அதற்குள் 'கம்பேட்டிபிள்' ஃபைலைத் திறந்து பாருங்கள். படிக்க மட்டுமே முடியும் என்பதால் எதுவும் கெட்டுவிடாது.