திருப்பிக் கொடுக்கப்பட்ட காணிக்கை

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், கருங்கடற்கரையிலுள்ள பொந்து தேசத்திலிருந்து மார்சியோன் என்னும் செல்வந்தர் ரோமாபுரிக்கு வந்தார். கப்பல் வணிகரான அவர், தம் விசுவாசத்தின் ஆரம்ப ஆர்வத்தில் ரோமச் சபைக்கு 2,00,000 செஸ்தர்ஸ் நாணயங்களைக் காணிக்கையாகப் படைத்ததாகச் சபைப்பிதாவாகிய தெர்த்துல்லியன் எழுதியுள்ளார். ஏழைகளும் அடிமைகளும் நிறைந்திருந்த சபைக்கு அது எத்தனை பெரிய தொகை!

பின்னர் அவருடைய போதனை வெளிப்பட்டது. உலகத்தைச் சிருஷ்டித்த பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு, இயேசு கிறிஸ்து வெளிப்படுத்திய அன்பின் பிதா வேறு என்றார் அவர். ஆகவே பழைய ஏற்பாட்டை முழுவதுமாகத் தள்ளினார். லூக்கா சுவிசேஷத்தையும் பவுலின் பத்து நிருபங்களையும் மாத்திரம் ஏற்றுக்கொண்டு, அவற்றிலும் தமக்கு ஒவ்வாதவற்றை நீக்கினார். இயேசுவின் பிறப்பைக் கூறும் அதிகாரங்கள் அவருடைய லூக்காவில் இல்லை. திபேரியு ராயனின் பதினைந்தாம் வருஷத்தில் இரட்சகர் திடீரெனத் தோன்றுகிறார். பிறவாதவர் மெய்யான மாம்சத்தில் வந்தவர் அல்லர். மாம்சம் மெய்யல்லவென்றால் சிலுவைப்பாடும் வெறும் தோற்றமே. சில பக்கங்களை நீக்கப் புறப்பட்டவர் இரட்சிப்பின் அஸ்திபாரத்தையே அசைத்துவிட்டார். கள்ளப்போதகத்தைக் குறித்து மிகுதியாக எச்சரிக்கும் தீமோத்தேயு, தீத்து நிருபங்கள் அவருடைய தொகுப்பில் இல்லாதிருந்ததும் கவனிக்கத்தக்கது.

ஏறக்குறைய கி.பி. 144-இல் சபை அவரை விலக்கியது. பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. தாராளமாய்க் கொடுக்கிறவரின் உபதேசத்தைச் சோதித்தறிய எந்தச் சபையும் தயங்கும். ரோமச் சபை தயங்கவில்லை. எனினும் மார்சியோனின் சபைகள் பல தேசங்களில் பரவி நூற்றாண்டுகள் நீடித்தன. தெர்த்துல்லியன் அவருக்கு மறுப்பாக ஐந்து புத்தகங்கள் எழுத வேண்டியதாயிற்று. எவை வேதாகமப் புத்தகங்கள் என்பதைத் தெளிவாக அறிக்கையிடும் தேவையையும் இச்சர்ச்சை சபைக்கு உணர்த்தியது.

பழைய ஏற்பாடு யூதருக்கு, நமக்குப் புதிய ஏற்பாடே போதும் என்னும் பேச்சு இன்றும் விசுவாசிகளிடையே கேட்கப்படுகிறது. இது பக்தியாகவே ஒலிக்கிறது. ஆனால் உயிர்த்தெழுந்த கர்த்தர் எம்மாவு வழியில் மோசே முதலான சகல தீர்க்கதரிசிகளின் எழுத்துக்களிலிருந்தே தம்மைக் குறித்து விவரித்தார் (லூக்கா 24:27). தீமோத்தேயு சிறுவயதுமுதல் அறிந்திருந்த வேத எழுத்துக்கள் (2 தீமோத்தேயு 3:15) பழைய ஏற்பாடே. அவருடைய பாலப்பருவத்தில் நிருபங்கள் எழுதப்பட்டிருக்கவில்லை. பெரேயா பட்டணத்தாரோ அப்போஸ்தலனாகிய பவுலின் பிரசங்கத்தையே சோதித்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). அவர்கள் தினந்தோறும் அதை ஒத்துப்பார்த்தது, மார்சியோன் தள்ளிவிட்ட அதே புத்தகங்களோடுதான்.