பழைய ஃபோர்டு எஃப்-100: கோளாறு தேடும் முறை

1953-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஃபோர்டு எஃப்-100 பிக்கப்பில் மின்கோளாறு தேடுமுன் அது எத்தனை வோல்ட் வண்டி என்று பார்க்க வேண்டும். 1955 வரையிலான வண்டிகள் 6 வோல்ட். பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். 1956 முதல் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த். பல கை மாறிய வண்டிகளில் ஒயரிங்கைப் பாதி மாற்றி, மீதியை அப்படியே விட்டிருப்பதும் உண்டு. புத்தகத்தை விட மீட்டரை நம்பலாம்.

செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் உடனே அதைக் கழற்றுகிறார்கள். அவசரம் தேவையில்லை. 12 வோல்ட் வண்டியில் ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் (மேலே மாட்டிய கிளாம்பில் அல்ல), மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த் கேபிள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உறைக்குள் பச்சை பூத்திருக்கும். பாசிட்டிவ் பக்கத்தில் பேட்டரி, ரிலே, செல்ஃப் என்று ஒவ்வொரு இணைப்பையும் இப்படியே சோதிக்கலாம்.

அறுபதுகளின் வண்டிகளில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒன்றாக உச்சிக்கு ஏறினால் சென்சார்களை மாற்றிப் பயனில்லை. மீட்டர் பலகையின் பின்னால் உள்ள சிறு ரெகுலேட்டர் 12 வோல்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக 5 வோல்ட் அளவில் வைத்திருக்கும். அதன் எர்த் பலகை வழியாகத்தான் போகிறது. அங்கே துரு பிடித்தால் முழு வோல்ட்டும் முட்களுக்குப் போய்விடும்.

ஓடிச் சூடான பின் வண்டி நின்றால், ஆறுவதற்குள் சோதித்துவிட வேண்டும். ஆறினால் கோளாறும் மறைந்துவிடும். பழி வழக்கமாகக் கார்புரேட்டர் மேல்தான் விழும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பார்க். அது பலவீனமாக இருந்தால் காயில், கண்டன்சர், பாயின்ட் மூன்றையும் பார்க்க வேண்டும். பாயின்ட்டின் உரசும் கட்டை தேய்ந்தால் இடைவெளி குறைந்து டைமிங்கும் பின்தங்கும்.

ஸ்பார்க் சரி என்றால், இன்ஜினை நிறுத்திய நிலையில் ஏர் கிளீனரை எடுத்துவிட்டுத் திராட்டிலைக் கையால் இழுக்க வேண்டும். கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் பீய்ச்சவில்லை என்றால், ஆக்சிலரேட்டர் பம்ப் கெட்டிருக்கலாம், அல்லது பெட்ரோலே வரவில்லை. வரவில்லை என்றால் டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள ரப்பர் குழாயைப் பார்க்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்து விரிசல் வெளியே கசியாமல் காற்றை மட்டும் உள்ளிழுக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடும் என்பதால், விரிசல் கண்ணில் படாவிட்டாலும் புதுக் குழாய் போட்டுவிடுவதே நல்லது.