வாசலில் நிற்கும் வீடு

கேள்வி: அமெரிக்காவில் மோட்டார் வீட்டிலேயே குடியிருந்து ஊர் சுற்றுகிறவர்கள், உறவினர்களைப் பார்க்கப் போனால் எங்கே தங்குவார்கள்?

பதில்: பலர் உறவினர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அதற்குள்ளேயே படுத்துக்கொள்கிறார்கள். மாமியார், மருமகள் இருவருக்குமே நிம்மதி!

சிக்கல் மின்சாரத்தில்தான். பெரிய வண்டிகளுக்கு 30 அல்லது 50 ஆம்பியர் வேண்டும். வீட்டு பிளக் பாயிண்ட் தருவதோ பெரும்பாலும் 15, 20. ஏசியையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் டிரிப் ஆகிவிடும். கழிவுத் தொட்டி நிரம்பினால், அதைக் காலிசெய்வதற்கென்றே உள்ள இடத்துக்கு வண்டியை ஓட்டிப் போக வேண்டும். சில குடியிருப்புச் சங்கங்கள் வாசலில் நிறுத்தவே விடுவதில்லை.

எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960இல் தங்குவதற்கான அறை பொருத்திய சிறு லாரியில், சார்லி என்ற நாயோடு நாட்டைச் சுற்றினார். கலிபோர்னியாவில் உடன்பிறந்த சகோதரிகளைப் பார்க்கவும் போனார். தேர்தல் ஆண்டாயிற்றே, அரசியல் பேசிச் சண்டையில் முடிந்தது.