நீல இரத்தமும் நான்கு கேள்விகளும்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளுக்கு அடுத்து மாணவர் ஒருவர் செய்தி வாசிப்பது நம் பள்ளிகளில் வழக்கம். நாளிதழில் வரும் அறிவியல் துணுக்குகளை மாணவர்கள் ஆர்வத்தோடு தேர்ந்தெடுத்து வருகிறார்கள். ஆனால் அந்தச் செய்தி "அப்படியா!" என்ற வியப்போடு அன்றே முடிந்துவிடுகிறது. மறுநாள் வேறொரு துணுக்கு. இப்படிச் சேரும் துணுக்குகள் எத்தனை ஆனாலும் அறிவாக மாறுவதில்லை. மாறாக, ஒரே ஒரு செய்தியை எடுத்து அதனிடம் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழக்கினால், அதுவே ஒரு பாடமாக விரியும்.

எடுத்துக்காட்டாக, குதிரைலாட நண்டின் நீல இரத்தம் பற்றிய செய்தியைப் பார்ப்போம். இயற்கை, உடல்நலம், வணிகம், தொழில்நுட்பம் ஆகிய நான்கும் இந்த ஒரு செய்தியில் பின்னிக் கிடக்கின்றன.

முதல் கேள்வி: இது என்ன?

குதிரையின் காலில் அடிக்கும் லாடம் போன்ற ஓடும், ஈட்டி போன்ற வாலும் உடையது இந்தக் கடல் உயிரி. பெயரில் நண்டு இருந்தாலும் இது நண்டு இனம் அன்று. சிலந்திக்கும் தேளுக்கும் நெருங்கிய உறவு. ஏறக்குறைய 44 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய புதைபடிவங்களிலேயே இதன் முன்னோர்கள் காணப்படுகின்றன. அதாவது, டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே இந்த இனம் கடலில் வாழ்ந்திருக்கிறது.

இன்று உலகில் இதில் நான்கு இனங்கள் உள்ளன. ஒன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் கடற்கரையிலும், மற்ற மூன்று ஆசியக் கடற்கரைகளிலும் வாழ்கின்றன. ஆசிய இனங்களில் இரண்டு ஒடிசா, மேற்கு வங்கக் கரையோரங்களில் உண்டு. அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்படுகின்றன.

இரத்தம் ஏன் நீலம்? நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. இதன் இரத்தத்தில் அந்த வேலையைச் செய்யும் ஹீமோசயனினில் இருப்பது தாமிரம். ஆக்சிஜனோடு சேரும்போது அது நீல நிறம் பெறுகிறது. பெரும்பாலான செய்தித் துணுக்குகள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. நம் பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாம் கேள்வி: நமக்கு என்ன பயன்?

ஊசி மருந்தில் உயிருள்ள கிருமி இல்லை என்றால் போதுமா? போதாது. சில வகைப் பாக்டீரியாக்களின் செல்சுவரில் எண்டோடாக்சின் எனப்படும் நச்சு இருக்கிறது. பாக்டீரியா இறந்த பிறகும் அந்தச் செல்சுவரின் சிதறல்கள் மிஞ்சும். கொதிக்க வைத்தாலும் அவை எளிதில் அழிவதில்லை. இரத்தத்தில் கலந்தால் காய்ச்சலை உண்டாக்கும். அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. கண்ணாடிக் குவளை உடைந்த பிறகும் அதன் சில்லுகள் காலில் குத்துவதுபோல என்று மாணவர்களுக்கு விளக்கலாம்.

இந்த நச்சைக் கண்டறிய முன்பு முயல்களைப் பயன்படுத்தினார்கள். முயலின் காதுச் சிரையில் மருந்தைச் செலுத்தி, சில மணி நேரம் அதன் உடல் வெப்பநிலை உயர்கிறதா என்று பார்ப்பார்கள். 1956-இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் ஃபிரெடரிக் பேங் என்ற மருத்துவ அறிவியலாளர், பாக்டீரியா புகுந்த குதிரைலாட நண்டின் இரத்தம் உறைந்துபோவதை விளக்கி எழுதினார். பின்னர் அவரும் ஜாக் லெவின் என்ற மருத்துவரும் சேர்ந்து, உறைதலைத் தூண்டுவது எண்டோடாக்சின் என்பதையும், உறையவைக்கும் பொருள் அதன் இரத்த செல்களில் இருப்பதையும் கண்டறிந்தனர். அந்தச் செல்களிலிருந்து எடுக்கும் சாற்றில் மருந்தைச் சிறிது கலந்தால் போதும். நச்சு இருந்தால் சாறு உறையும், இல்லையென்றால் உறையாது. 1977-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இச்சோதனைக்கு ஒப்புதல் அளித்தது.

தடுப்பூசிகள், குளுக்கோஸ் பாட்டில்கள், ஊசிகள், உடலுக்குள் பொருத்தும் கருவிகள் எனப் பலவும் இன்று உலகெங்கும் இவ்வாறு சோதிக்கப்படுகின்றன. நீல இரத்தம் மருந்து அன்று. மருந்தைச் சோதிக்க உதவும் பொருள். தலைப்பை மட்டும் படிக்கும் மாணவர் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய இடம் இது என்பதால், இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதியே காட்டுவது நல்லது.

மூன்றாம் கேள்வி: விலை கொடுப்பது யார்?

அமெரிக்கக் கடற்கரையில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான குதிரைலாட நண்டுகளைப் பிடித்து, இதயத்தின் அருகே ஊசி செலுத்தி, இரத்தத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மீண்டும் கடலில் விடுகிறார்கள். எல்லாம் பிழைப்பதில்லை. அங்குள்ள மீன்வள ஆணையம் ஏறத்தாழ 15 விழுக்காடு இறப்பதாகக் கொண்டு கணக்கிடுகிறது. அதைவிட அதிகம் இறப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. விலாங்கும் சங்கும் பிடிப்பதற்கான இரையாகவும் 1990-களில் இவை பெருமளவில் பிடிக்கப்பட்டன. ஒரு குதிரைலாட நண்டு இனப்பெருக்க வயதை அடைய ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகும். எனவே இழப்பை ஈடுசெய்ய நீண்ட காலம் பிடிக்கிறது.

இழப்பு கடலோடு நிற்கவில்லை. 'ரெட் நாட்' என்ற சிறிய உள்ளான் இனப் பறவை தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து வடதுருவப் பகுதிக்கு ஆண்டுதோறும் வலசை செல்கிறது. வழியில் மே மாதத்தில் டெலாவேர் விரிகுடாவில் இறங்கி, அங்கு மணலில் இடப்பட்டிருக்கும் குதிரைலாட நண்டின் முட்டைகளைத் தின்று உடல் எடையை ஏறக்குறைய இரு மடங்காக்கிக்கொள்கிறது. முட்டை குறைந்ததும் பறவையும் குறைந்தது. 2008-இல் நியூ ஜெர்சி மாநிலம் இரைக்காக இவற்றைப் பிடிப்பதைத் தடை செய்தது. 2014-இல் அப்பறவையை அழியும் வாய்ப்புள்ள இனமாக அமெரிக்க அரசு அறிவித்தது. உணவுச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

நான்காம் கேள்வி: வேறு வழி உண்டா?

உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் அறிவியலாளர்களான டிங் ஜீக் லிங், ஹோ பாவ் தம்பதியர் 1990-களில் அந்த வழியைக் காட்டினர். குதிரைலாட நண்டின் இரத்தத்தில் எண்டோடாக்சினை முதலில் உணர்வது 'ஃபேக்டர் சி' என்ற புரதம். அதற்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் வளரும் செல்களைக் கொண்டே அப்புரதத்தை உருவாக்கினர். அதன்பின் இரத்தம் எடுக்க வேண்டிய தேவையே இல்லை. அவர்கள் ஆராய்ந்தது சதுப்புநிலக் காடுகளில் வாழும் இனம். நம் சுந்தரவனத்திலும் இருப்பது அதே இனம்தான்.

2000-களின் தொடக்கத்திலேயே இது சந்தைக்கு வந்துவிட்டது. ஆனால் உடனே பரவவில்லை. தொடக்கத்தில் ஒரே நிறுவனம் மட்டுமே இதை விற்றதால், அதை மட்டும் நம்பி இறங்க மருந்து நிறுவனங்கள் தயங்கின. மருந்துத் தரநூல்களும் பழைய சோதனையையே வலியுறுத்தின. ஐரோப்பியத் தரநூல் 2021-இலும், அமெரிக்கத் தரநூல் 2025-இலும்தான் புதிய முறைக்கு முழு இடம் அளித்தன. கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அது நடைமுறைக்கு வரச் சட்டமும் சந்தையும் மனித மனமும் ஒத்துழைக்க வேண்டும் என்பதை உயர்நிலை மாணவர்கள் இங்கே உணர்வார்கள்.

வகுப்பறையில் எப்படி?

ஒரு பாடவேளை போதும். கரும்பலகையை நான்காகப் பிரித்து, நான்கு கேள்விகளையும் எழுதுங்கள். வகுப்பை நான்கு குழுக்களாக்கி, குழுவுக்கு ஒரு கேள்வி கொடுங்கள். செய்தியை இருமுறை வாசித்துக் காட்டிய பின், பத்து நிமிடம் பேசவிடுங்கள். பிறகு ஒவ்வொரு குழுவும் தன் பகுதியை நிரப்பட்டும்.

• அறிவியல்: கணுக்காலிகள், இரத்தம், நுண்ணுயிரிகள், உணவு வலை ஆகிய பாடங்களை நடத்தும்போது இதை இணைக்கலாம்.

• கணக்கு: 1,000 குதிரைலாட நண்டுகளில் 15 விழுக்காடு இறந்தால் எத்தனை பிழைக்கும்? 30 விழுக்காடு என்றால்? அனுமானம் மாறினால் விடை எவ்வளவு மாறுகிறது என்று ஒப்பிடச் சொல்லுங்கள்.

• சமூக அறிவியல்: உலக வரைபடத்தில் ரெட் நாட் பறவையின் பயண வழியை வரையட்டும்.

• தமிழ்: "மனித உயிர் காக்கப் பிற உயிரை வருத்தலாமா?" என்று பட்டிமன்றம் நடத்தலாம். இரு அணிக்கும் வலுவான வாதங்கள் இருப்பதால் பேச்சு சூடுபிடிக்கும்.

தொடக்க வகுப்புகளில் நான்கையும் கேட்க வேண்டாம். படத்தைக் காட்டி, "இது யாருக்கு உறவு? இதன் முட்டையைத் தின்பது யார்? முட்டை இல்லையென்றால் அந்தப் பறவை என்ன செய்யும்?" என்று கேட்டாலே குழந்தைகள் கதையாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

எண்களில் கவனம்

நீல இரத்தம் ஒரு லிட்டர் இத்தனை லட்சம் ரூபாய் என்று இணையத்தில் பல எண்கள் உலவுகின்றன. அவற்றைப் பலகையில் எழுதும் முன், "யார் யாருக்கு விற்ற விலை? எந்த ஆண்டில்? இரத்தத்தின் விலையா, சோதனைச் சாற்றின் விலையா?" என்று மாணவர்களையே கேட்கச் சொல்லுங்கள். பதில் கிடைக்காத எண்ணைப் பலகையில் ஏற்றாமல் இருப்பதும் கற்றல்தான். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் உண்மை என்று பகிரும் இன்றைய சூழலில், நம் மாணவர்களுக்கு மிகவும் தேவைப்படும் பயிற்சி இது.

அடுத்து எந்தச் செய்தி என்பதை மாணவர்களிடமே விட்டுவிடலாம். வாரம் ஒரு செய்தி. அதற்கு இதே நான்கு கேள்விகள். சில வாரங்களில், நாம் கேட்கும் முன்பே "சார், இதுக்கு யார் விலை கொடுக்கிறாங்க?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழும். அந்தக் கேள்வி பாடநூலைத் தாண்டியும் அவர்களோடு வரும்.