வழியோரக் கற்கள்
(பத்தாம் வகுப்பு மாணவி)



என் ஊர் தாமல். சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்துக்கு மேற்கே இருக்கிறது. பேருந்தில் வரும்போது கிலோமீட்டர் கற்களை எண்ணுவது என் வழக்கம். தேசிய நெடுஞ்சாலைக் கல்லின் தலை மஞ்சள் நிறமாகவும், மாநில நெடுஞ்சாலைக் கல்லின் தலை பச்சையாகவும் இருக்கும். இப்படிக் கல் நடும் வழக்கம் ஆங்கிலேயர் வந்த பிறகுதான் ஏற்பட்டது என்று நினைத்திருந்தேன். அது தவறு.

இதே சாலையில் மேற்கே போய், கிருஷ்ணகிரியில் தெற்கே திரும்பினால் மலைகள் சூழ்ந்த தருமபுரி வரும். அவ்வட்டாரத்தில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காதக் கற்கள் கிடைத்துள்ளன. 'அதியமான் பெருவழி' என்று சாலையின் பெயரும், நாவற்தாவளம் என்ற ஊருக்குள்ள தூரமும் அவற்றில் வெட்டப்பட்டுள்ளன. ஒரு கல்லில் தூரம் 29 காதம். எழுத்தோடு நில்லாமல், இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் செதுக்கியிருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவரும், இருட்டில் வருபவரும் விரலால் தடவியே தூரத்தை அறியலாம் அல்லவா?

தூரத்தைச் சொல்லும் கற்களைப் போலவே தியாகத்தைச் சொல்லும் கற்களும் உண்டு. அவையே நடுகற்கள். செங்கம் அருகே எடுத்தனூரில், காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல் ஒன்று இருக்கிறது. மாடுகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்த அவன் நாய் கோவிவனையும் அதில் செதுக்கி, பெயரும் பொறித்துள்ளனர். ஏறக்குறைய 1400 ஆண்டுகளாக அந்த நாயின் பெயர் அழியவில்லை!

எங்கள் ஊர்ப் பாதையோரத்திலும் ஒரு கல் உண்டு. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒன்றைக் கிடத்திய சுமைதாங்கி அது. தலைச்சுமையோடு வருபவர், இறக்கிவிடப் பிறர் துணையின்றி அதன்மேல் வைத்து இளைப்பாறலாம். சென்ற ஆண்டு மண் வேலையின்போது அதன் மேற்கல் சரிந்து பள்ளத்தில் விழுந்தது. "பழைய கல்தானே" என்று நானும் அதன்மேல் கால் வைத்துத் தாண்டினேன். என் ஆயா பதறிப் போனார்.

"மிதிக்காதேடி கண்ணு! வயித்துப் பிள்ளையோட செத்துப்போன பொண்ணுக்காக வச்ச கல்லு அது. அவளோட பாரம் இறங்கணும்னு வச்சாங்க" என்றார்.

"அவங்க பேரு என்ன ஆயா?"

"யாருக்குத் தெரியும்? கல்லுல எழுதலையே."

எனக்கு வெட்கமாகிவிட்டது. நாயின் பெயருக்கும் இடமிருந்த நாட்டில் இந்தத் தாயின் பெயர் இல்லை. அவளுக்கென்று எஞ்சியது அந்தக் கல் ஒன்றே. அதையும் நான் மிதித்தேன். மறுநாள் அப்பாவும் அண்டை வீட்டுச் சித்தப்பாக்களும் கயிறு கட்டி அந்தக் கல்லைத் தூக்கி மீண்டும் மேலே ஏற்றினார்கள். பள்ளிக்கூடமே போகாத என் ஆயா அதைத் தடவிப் பார்த்துக் கும்பிட்டார்.

தோழியரே, சாலைகள் அகலமாகட்டும். நாம் அதை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கல்லைப் பெயர்க்கும் முன் அது யாருடையது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்போம். எழுத்து இருந்தால், அதன்மேல் சுண்ணாம்பு அடிக்காமல் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்போம். எழுத்து இல்லாவிட்டால், அதன் கதையைக் கேட்டு நம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். இந்த விடுமுறையிலேயே தொடங்கலாமே!